பன்னிரண்டாம் சொல்லின் காப்பாளர்

பூங்கா வாசலில் ஒரு பெரிய பலகை இருந்தது. 'விடியல் நடையாளர் நல்வாழ்வுப் பேரவை' என்று கொட்டை எழுத்தில் போட்டு, அதன் கீழே தலைவர் தொடங்கி செயற்குழு உறுப்பினர் வரை பதினொரு பேரின் படமும் படிப்பும் பதவியும் போட்டிருந்தார்கள். எல்லாவற்றுக்கும் அடியில், இடம் மிஞ்சிய மூலையில், 'இடப்பக்கமாக நடக்கவும்' என்றிருந்தது. பேரவையின் முதல் சாதனை அந்தப் பலகை. இரண்டாவது, பலகை நனையாமல் இருக்க ஒரு கூரை. மூன்றாவதாகப் பலகைக்கு விளக்குப் போட்டார்கள். நடைபாதைக்கு விளக்குப் போடுவது பரிசீலனையில் இருந்தது.

கண்ணாடி அக்கா தினமும் அந்தப் பலகையைக் கடந்துதான் போவாள். ஒருநாளும் நின்று படித்ததில்லை. கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்ததால் அவளுக்கு அந்தப் பெயர். காலையில் கடை திறக்குமுன் மாமியாரைப் பூங்காவுக்குக் கூட்டி வருவாள். மாமியாருக்கு இரண்டு டாக்டர்கள். ஒருவர் சர்க்கரைக்காக நடக்கச் சொல்லியிருந்தார். இன்னொருவர் ரத்தக்கொதிப்புக்கு நீர் மாத்திரை கொடுத்திருந்தார்.

"ஒருத்தர் நடன்னு சொல்றாரு. இன்னொருத்தர் குடுத்த மாத்திரை ஓடுன்னு சொல்லுது. நான் யார் பேச்சைக் கேக்கறது?" என்பார் மாமியார்.

ஓட வேண்டிய இடம் சிக்னலுக்கு அந்தப் பக்கம், பெட்ரோல் பங்கில் இருந்தது. பூங்காவுக்குள் கழிப்பறை கிடையாது. பங்கில் சாவி கேட்டால் மேனேஜர், "பெட்ரோல் போடறவங்களுக்கு மட்டும்தான்மா" என்பார். "நான் ரொப்ப வரலப்பா, எறக்க வந்திருக்கேன்" என்று மாமியார் ஒருமுறை சொன்னதில் பங்கே சிரித்தது, சாவியும் கிடைத்தது. ஆனால் சிக்னலில் சிவப்பு விழுந்து நடுரோட்டில் மாட்டிக்கொண்ட ஒரு காலைக்குப் பிறகு அவர் நடைக்கு வருவதையே விட்டுவிட்டார். சர்க்கரை ஏறியது. டாக்டர் கண்ணாடி அக்காவைப் பிடித்துக் காய்ச்சி எடுத்தார்.

அந்தச் சமயத்தில்தான் தொப்பி சார் ஊரை விட்டுப் போனார். வெயிலோ மழையோ, தலையில் தொப்பி இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. எப்போதோ விளையாட்டாக வாங்கிப் போட்டிருந்த, கணினியில் மட்டுமே புழங்கும் கிரிப்டோ நாணயம் அவரையும் மீறி விலை ஏறியிருந்தது. மகளோடு வெளிநாட்டில் குடியேறப் புறப்பட்டவர், அதில் ஒரு பங்கைப் பேரவைக்குக் கொடுத்தார். கேட்டது ஒன்றுதான்: பூங்காவில் பெண்களுக்கு ஒரு கழிப்பறை கட்ட வேண்டும்.

பணத்தை ஒரு ஹார்ட்வேர் வாலட்டில் போட்டுக் கொடுத்தார். கட்டைவிரல் நீளத்தில் ஒரு கருவி. சின்னதாக ஒரு திரை, இரண்டு பொத்தான்.

"பணம் இதுக்குள்ள இல்ல. அது வெளிய, நெட்வொர்க்ல இருக்கு. இது சாவி மட்டும்தான்" என்று பேரவை அலுவலகத்தில் உட்கார்ந்து செயலாளருக்கு விளக்கினார். "திறக்கறதுக்கு நாலு எண்ல ஒரு பின் நம்பர். மூணு தடவை தப்பாப் போட்டா எல்லாத்தையும் அழிச்சுக்கும். பயப்பட வேண்டாம். அழிஞ்சாலும் சரி, தொலைஞ்சாலும் சரி, இந்தக் காகிதத்துல இருக்கற பன்னிரண்டு இங்கிலீஷ் வார்த்தையை இதே வரிசையில போட்டா எல்லாம் திரும்பி வந்துடும். காகிதத்தை ஒரு பீரோவுல வச்சுப் பூட்டுங்க. யாருக்கும் காட்டாதீங்க. அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்பதைப் பேரவையால் ஏற்க முடியவில்லை.

செயற்குழு அவசரமாகக் கூடிப் பாதுகாப்புக் குழு ஒன்றை அமைத்தது. அதற்குத் தலைவராக, தங்களில் ஒருவரான பூட்டு சாரைப் போட்டார்கள். பூட்டுத் தொழிற்சாலையில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டு வாசற்கதவில் நான்கு பூட்டு. அவர் மனைவி காய்கறி வாங்கப் போவதென்றால் அரை மணி முன்பே பூட்ட ஆரம்பித்துவிடுவார்.

பூட்டு சார் தொண்டையைச் செருமிக்கொண்டு பேசினார். "நண்பர்களே, பணம் எங்கே காணாமல் போகிறது? செலவாகிற இடத்தில்தான். செலவே ஆகாத பணம் இதுவரை காணாமல் போனதாகச் சரித்திரமே இல்லை. ஆகவே பாதுகாப்பின் உச்சம் என்ன தெரியுமா? உரியவர்களாலேயே எடுக்க முடியாத நிலை!"

கைதட்டல் ஓய நேரமானது.

காகிதம் ஒரே இடத்தில் இருப்பது ஆபத்து என்று அவர் தீர்ப்புச் சொன்னார். பன்னிரண்டு சொல்லையும் பன்னிரண்டு மூளைகளில் பிரித்து வைக்க வேண்டும். காகிதத்தை எரித்துவிட வேண்டும். ஒரே ஒரு சிக்கல். செயற்குழுவில் மூளைகள் பதினொன்றுதான் இருந்தன.

அந்த நேரம் பார்த்துக் கண்ணாடி அக்கா அலுவலகத்துக்குள் எட்டிப் பார்த்தாள்.

செயலாளர் நாற்காலியை விட்டு எழுந்தார். "வாங்க மேடம், வாங்க! எத்தனை பேர் வந்திருக்கீங்க?"

"நான் ஒருத்திதான் சார்."

"ஒருத்தர்தான் வேணும்!"

"இல்ல சார், டாய்லெட் வேலை எப்ப ஆரம்பிப்பீங்கன்னு கேட்டுட்டுப் போகலாம்னு…"

"ஆரம்பிச்சாச்சு மேடம். பாதுகாப்புல இருந்து ஆரம்பிச்சிருக்கோம்."

கண் மூடித் திறப்பதற்குள் அவளைச் செயற்குழு உறுப்பினராக்கி, கழுத்தில் ஒரு அட்டையையும் மாட்டிவிட்டார்கள். 'சொற்காப்பாளர் – 12' என்று அதில் அச்சடித்திருந்தது. எதைக் காக்கப்போகிறோம், எதற்காக, யாரிடமிருந்து என்று அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. உள்ளே இருந்தால் வேலையைச் சீக்கிரம் முடிக்க வைக்கலாம் என்று மட்டும் நினைத்துக்கொண்டாள். பேரவையில் சேர்ந்த எல்லாரும் தொடக்கத்தில் அப்படித்தான் நினைத்திருந்தார்கள் என்பது அவளுக்குத் தெரியாது.

சொல் வழங்கும் விழா பூங்காவின் சாமான் அறையில் நடந்தது. தோட்டத்துக் குழாய்ச் சுருளுக்கும் உடைந்த ஊஞ்சலுக்கும் நடுவில் பூட்டு சார் கண்ணைக் கட்டிக்கொண்டு நின்றார். கையில் காகிதம். அதன்மேல் ஒரு வரி மட்டும் தெரியும்படி ஓட்டை வெட்டிய அட்டை. ஒவ்வொருவராக உள்ளே போய்த் தன் சொல்லைப் படித்துவிட்டு வர வேண்டும். ஒவ்வொருவர் போனதும் அவர் தடவிப் பார்த்து அட்டையை ஒரு வரி கீழே நகர்த்துவார். தன் முறைக்கு மட்டும் கண்கட்டை அவிழ்த்துக்கொள்வார்.

தலைவர் சிரித்த முகமாக உள்ளே போனார். வெளியே வரும்போது முகம் பேயறைந்தது போலிருந்தது. பொருளாளர் போய்விட்டு வந்து யாரிடமும் பேசாமல் மரத்தடியில் போய் நின்றுகொண்டார். கடைசியாகக் கண்ணாடி அக்கா போனாள். ஓட்டையில் 'ஸ்பூன்' என்று இருந்தது.

"படிச்சீங்களா?" என்றார் பூட்டு சார், கட்டிய கண்ணோடு சுவரைப் பார்த்து.

"படிச்சேன் சார். இது நம்ம டீயில கலக்கற ஸ்…"

"மேடம்!" என்று அவர் போட்ட கூச்சலில் ஊஞ்சல் ஆடியது.

காகிதத்தை பிஸ்கட் டின் மூடியில் வைத்து எரித்தார்கள். அது எரிவதைப் படம் எடுத்துச் சட்டம் போட்டு வாசல் பலகையில் மாட்டினார்கள்.

அதற்குப் பிறகு விதிகள் வந்தன. சொற்காப்பாளர்கள் இருவர் ஒரே வண்டியில் போகக் கூடாது. மயக்க ஊசியில் உளறும் அபாயம் இருப்பதால், பல் பிடுங்குவதென்றாலும் பாதுகாப்புக் குழுவின் முன் அனுமதி வேண்டும். இணைச் செயலாளருக்குத் தூக்கத்தில் பேசும் பழக்கம் உண்டென்று தெரியவந்து, அவர் மனைவியை வேறு அறையில் படுக்கச் சொன்னார்கள். பேரவை தொடங்கிய நாளிலிருந்து செய்த ஒரே நல்ல காரியம் அதுதான் என்று அந்த அம்மாள் கண்ணாடி வாங்க வந்த இடத்தில் சொல்லிவிட்டுப் போனார்.

கண்ணாடி அக்காவுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக அந்தக் காய்ச்சல் தொற்றியது. வீட்டில் மாமியார், "ஏம்மா, அந்த ஸ்பூனை எடு" என்று சாதாரணமாகச் சொன்னதற்கு, அவள் பாய்ந்து போய் ஜன்னலைச் சாத்தினாள்.

"என்னடி இது?"

"ஒண்ணுமில்ல அத்தை. அதோட பேரைச் சொல்லாதீங்க. 'கலக்கறது'ன்னு சொல்லுங்க."

மாமியார் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "அந்தக் கிறுக்குக் காசு சங்கத்துல சேராதேன்னு சொன்னேன், கேட்டியா? சரி, அந்தக் கலக்கறதை எடு. நீ கலங்காம இருந்தா சரி."

முதல் செயற்குழுக் கூட்டத்தில் கண்ணாடி அக்கா தைரியமாக எழுந்து நின்றாள். "சார், டாய்லெட் எந்தப் பக்கமா வருது? கிழக்கு வாசல்கிட்டன்னா வயசானவங்களுக்கு…"

தலைவர் துள்ளி எழுந்தார். வியர்த்துக் கொட்டியது. "அந்த வார்த்தையை இங்கே யாரும், எந்த மொழியிலும், உச்சரிக்கக் கூடாது!"

எல்லாரும் விழித்தார்கள். "எதனால தலைவரே?" என்று செயலாளர் மெதுவாகக் கேட்டார்.

"பாதுகாப்புக் காரணம். காரணத்தைச் சொல்வதும் பாதுகாப்புக் குறைவு."

பூட்டு சாருக்குக் கண் கலங்கிவிட்டது. "என் பணிக்காலம் முழுக்க இப்படி ஒரு பாதுகாப்பை நான் பார்த்ததில்ல. காரணமே பூட்டியிருக்கு!"

அன்றிலிருந்து கழிப்பறை 'அந்தக் கட்டடம்' ஆயிற்று. மதிப்பீடு கேட்பதற்காக ஒரு கட்டடக் கான்ட்ராக்டரை வரவழைத்தார்கள்.

"என்ன சார் கட்டணும்?" என்றார் அவர், டேப்பை இழுத்தபடி.

"கட்டடம்" என்றார் செயலாளர்.

"அது தெரியுது. என்ன கட்டடம்?"

"அதைச் சொல்ல முடியாது. சின்னச் சின்ன அறையா நாலு. ஒரு ஆள் உள்ள போவாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு வெளிய வருவாங்க."

"டெலிபோன் பூத்தா? இப்பல்லாம் யார் சார் அதைக் கட்டறாங்க?"

"இல்ல, தண்ணி வசதி வேணும்."

"நீச்சல் குளம்?"

கண்ணாடி அக்கா பொறுக்க மாட்டாமல், "அவசரத்துக்குப் போற இடம் சார்" என்றாள்.

"ஆஸ்பத்திரின்னு முதல்லயே சொல்லியிருக்கலாமே!"

"கதவு வேணும். உள்பக்கம் தாழ்ப்பாள் வேணும்" என்றார் பூட்டு சார், தன் துறை வந்துவிட்ட உற்சாகத்தில்.

கான்ட்ராக்டர் டேப்பைச் சுருட்டினார். உள்ளே பூட்டிக்கொள்ளும் நான்கு இரும்பு அறைகளும் அவசர சிகிச்சையும் நீச்சல் குளமும் சேர்த்து ஒரு தொகை சொன்னார். அந்தப் பணத்தில் பூங்காவையே வாங்கலாம். மதிப்பீடு அதிகம் என்று கூட்டத்தை ஒத்திவைத்தார்கள்.

அடுத்த கூட்டத்தில் பொருளாளர் ஒரு முறையீடு வைத்தார். "எனக்கு ஒதுக்கப்பட்ட சொல் என் பதவிக்கும் கல்வித் தகுதிக்கும் குடும்பப் பின்னணிக்கும் பொருத்தமாக இல்லை. தினமும் ராத்திரி படுக்கும்போது அந்தச் சொல் என்னைப் பார்த்துக் கத்துகிறது."

தலைவர் இதை வரவேற்ற வேகம் கண்ணாடி அக்காவுக்கு ஆச்சரியமாக இருந்தது. "மிக நியாயமான கோரிக்கை. பொறுப்பில் இருப்பவர்களுக்கு அவரவர் தகுதிக்கேற்ற சொல் இருக்க வேண்டாமா?"

விவாதம் சூடாக நடந்தது. முடிவில், தம் சொல்லில் மனக்குறை உள்ளவர்கள் அதைக் கௌரவமான வேறு சொல்லாக, யாருக்கும் தெரிவிக்காமல், தாமே மாற்றிக்கொள்ளலாம் என்று தீர்மானம் நிறைவேறியது.

"மாத்தினா அந்த மெஷினுக்குத் தெரியுமா சார்?" என்று கண்ணாடி அக்கா கேட்டாள்.

"ஏகமனதான தீர்மானம் மேடம்" என்றார் தலைவர். "மெஷின் என்ன, யாராக இருந்தாலும் கட்டுப்பட்டுத்தான் ஆக வேண்டும்."

பிறகு ஆண்டு விழா வந்தது. நிதி பத்திரமாக இருப்பதை உறுப்பினர்களுக்குத் திரையில் காட்டுவதாக ஏற்பாடு. வாலட்டைத் தட்டில் வைத்துப் பட்டுத்துணி போர்த்தி மேடைக்குக் கொண்டுவந்தார்கள். பின் நம்பரின் நாலு எண்ணையும் நாலு பேரிடம் பிரித்து வைத்திருந்தார்கள். முதல் எண் செயலாளரிடம். இரண்டாவது பூட்டு சாரிடம். மூன்றாவது பொருளாளரிடம். கடைசி எண் தலைவரிடம்.

செயலாளர் கருவியை நோக்கிக் கையை நீட்டினார். தலைவர் அவரைப் பார்த்த பார்வையில் கை பாதியில் நின்றது.

"தலைவர் இருக்கும்போது செயலாளர் முதலில் அமுக்குவதா? மேடை மரபு என்று ஒன்று இருக்கிறது."

தலைவர் முதலில் தன் எண்ணைப் போட்டார். மற்றவர்கள் பதவி வரிசைப்படி போட்டார்கள். தவறு என்று வந்தது.

"வயது மூப்பின்படி போடலாம்" என்றார் பொருளாளர். அவர்தான் மூத்தவர். அதுவும் தவறு என்று வந்தது.

கண்ணாடி அக்கா கீழே முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். துள்ளி எழுந்தாள். "சார், இன்னும் ஒரு தடவைதான் இருக்கு! முதல் நம்பர் வச்சிருக்கறவரே முதல்ல போட்டா என்ன?"

"மேடம், பேரவையின் நடைமுறை தெரியாமல் குறுக்கிடாதீர்கள்" என்ற தலைவர், ஒரு சமரசம் கண்டார். யாருக்கும் முதலிடம் வேண்டாம், கூட்டுப் பொறுப்பு. நாலு பேரும் விரல்களை ஒன்றாக வைத்து அமுக்கினார்கள். தலைவர் விரல் மட்டும் எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது.

கருவி கொஞ்ச நேரம் கறுத்துக் கிடந்தது. பிறகு திரையில் 'வெல்கம்' என்று வந்தது.

அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. தலைவர் கருவிக்கு வணக்கம் வைத்தார். புதுக் கருவியைத் தொடங்கும்போது வருகிற வரவேற்பு அது, உள்ளே இருந்தது எல்லாம் அழிந்துவிட்டது என்பது தொப்பி சாருக்குப் போன் போட்ட பிறகுதான் தெரிந்தது.

பூட்டு சார் அசரவில்லை. மைக்கைப் பிடித்தார். "இது தோல்வி அல்ல, வெற்றி! நம் பணத்தை நம்மிடமிருந்தே காப்பாற்றியிருக்கிறது இந்தக் கருவி. நம்மையே நம்பாத அமைப்புதான் உண்மையான பாதுகாப்பு!"

தொப்பி சார் போனில் சிரித்தார். "பரவாயில்லங்க, பதற்றப்படாதீங்க. பீரோவுல இருக்கற காகிதத்தை எடுங்க."

"எரிச்சுட்டோம் சார்" என்றார் செயலாளர்.

"அப்ப வார்த்தையெல்லாம் யாருக்குத் தெரியுமோ அவங்களைக் கூப்பிட்டு வரிசையாப் போடச் சொல்லுங்க" என்றார் தொப்பி சார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை அவசரப் பொதுக்குழு கூடியது. பூங்காவை ஒட்டிய தகரக் கொட்டகை நிரம்பி வழிந்தது. கண்ணாடி அக்கா மாமியாரையும் கூட்டிவந்திருந்தாள். "வீட்டுல சும்மாத்தானே இருக்கேன், அந்தக் கூத்தையும் பார்க்கறேனே" என்று அவரே கிளம்பிவிட்டார். வழக்கமான மாத்திரையையும் போட்டுக்கொண்டுதான் வந்திருந்தார்.

மேடையில் ஒரு திரைச்சீலை கட்டியிருந்தார்கள். பின்னால் மேசைமேல் கருவி. பக்கத்தில் வீடியோ காலில் தொப்பி சார், அங்கேயும் தொப்பியோடு. பன்னிரண்டு பேரும் வரிசையாகத் திரைக்குப் பின்னால் போய்த் தங்கள் சொல்லைப் போட்டுவிட்டு வந்தார்கள். கண்ணாடி அக்கா 'ஸ்பூன்' போட்டுவிட்டு இறங்கினாள்.

சொற்கள் பொருந்தவில்லை என்றது கருவி.

"யாரோ தப்பாப் போட்டிருக்கீங்க" என்றார் தொப்பி சார்.

"இங்கே இருப்பவர்கள் தவறே செய்யாதவர்கள்" என்றார் தலைவர்.

"சார், அந்தத் தீர்மானம்…" என்று கண்ணாடி அக்கா பொருளாளரைப் பார்த்தாள். பொருளாளர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். கழுத்தைத் துடைத்தார். கடைசியில் உடைந்துபோனார்.

"நான் 'ஹார்ஸ்'னு போட்டேன். குதிரை. அதுவும் அதே ஜாதி மிருகம்தானே! நாலு காலு, வாலு… எனக்கு வந்தது…" குரல் இறங்கியது. "டாங்கி."

கொட்டகையில் எழுந்த சிரிப்பில் தகரம் அதிர்ந்தது. அவர் திரும்பத் திரைக்குப் பின்னால் போய்க் கழுதையைப் போட்டுவிட்டு வந்தார். மறுபடியும் பொருந்தவில்லை.

பூட்டு சார் முகம் இறுகியது. "இன்னொரு கறுப்பு ஆடு இருக்கிறது. கண்டுபிடிக்கும்வரை யாரும் வெளியே போக முடியாது." தன் பையிலிருந்து மூன்று பூட்டுகளை எடுத்துக் கொட்டகைக் கதவில் வரிசையாக மாட்டிப் பூட்டினார். பொதுக்குழுவுக்கு வரும்போதும் அவர் பூட்டில்லாமல் வருவதில்லை.

விசாரணை தொடங்கியது. ஒவ்வொருவராக எழுந்து தாம் எவ்வளவு நேர்மையானவர் என்று சொன்னார்கள். தலைவர் தன் நேர்மையைப் பள்ளிப் பருவத்திலிருந்து தொடங்கினார். அவர் கல்லூரியில் சேர்ந்த கட்டத்தில் மாமியார் கண்ணாடி அக்காவின் தோளை இடித்தார்.

"ஏம்மா, போகணும்."

"இப்பவா அத்தை?"

"நான் என்ன முகூர்த்தமா பார்க்கறேன்? மாத்திரை வேலை செய்யுது."

மாமியார் எழுந்து கதவுப் பக்கம் போனார். மூன்று பூட்டையும் பார்த்தார். திரும்பி மேடையைப் பார்த்தார். பிறகு அடிவயிற்றிலிருந்து ஒரு குரல் கொடுத்தார்.

"டாய்லெட்!"

தலைவர் பேச்சு அறுந்தது. மைக்கைக் கீழே போட்டார். "யார்… யார் சொன்னது உங்களுக்கு? என்னைத் தவிர யாருக்கும் தெரியக் கூடாத என் சொல் ஒரு வெளியாளுக்கு எப்படித் தெரிந்தது?"

அந்த வார்த்தையை யாரும் சொல்லக் கூடாதென்று தலைவர் ஏன் குதித்தார், கான்ட்ராக்டர் ஏன் நீச்சல் குளம் வரைக்கும் போனார், எல்லாம் கண்ணாடி அக்காவுக்கு ஒரே நொடியில் விளங்கிவிட்டது.

"சார்" என்றாள். "நீங்க அதுக்குப் பதிலா என்ன போட்டீங்க?"

தலைவர் தரையைப் பார்த்தார். "பேலஸ்."

"அரண்மனையா?"

"தீர்மானம் அனுமதிக்கிறது" என்றார் அவர், முனகலாக.

கண்ணாடி அக்காவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இத்தனை மாதமாக டீயைக் கலக்கக்கூடப் பயந்து பயந்து வாழ்ந்திருக்கிறாள். கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றி நாற்காலியில் வைத்தாள். "என்னோடது ஸ்பூன்!" என்று ஊருக்கே கேட்கும்படி கத்தினாள். "ஸ்பூன், ஸ்பூன், ஸ்பூன்! அப்பாடா!"

அடைத்த குழாய் உடைத்துக்கொண்டது போலாயிற்று. "எனக்கு ஆனியன்!" என்று கத்திக்கொண்டு எழுந்தார் செயலாளர். "மங்கி! நான்தான் மங்கி!" என்று நெஞ்சைத் தட்டிக்கொண்டார் இணைச் செயலாளர். விளக்குமாறு, உருளைக்கிழங்கு, புறா, குடை என்று ஆங்கிலத்தில் நாலாபக்கமும் சொற்கள் பறந்தன. வயதானவர்கள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எல்லாரும் சொல்லி முடித்துப் பூட்டு சாரைப் பார்த்தார்கள். அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார்.

"சொல்லுங்க சார், நீங்க மட்டும் பாக்கி" என்றாள் கண்ணாடி அக்கா.

"ஓப்பன்" என்றார் பூட்டு சார். வாழ்க்கையில் அந்தச் சொல்லை அவர் வாய்விட்டுச் சொன்னது அதுவே முதல்தடவையாக இருக்கும்.

தலைவர் திரைக்குப் பின்னால் போய் அரண்மனையை எடுத்துவிட்டுக் கழிப்பறையைப் போட்டார். கருவி திறந்துகொண்டது. தொப்பி சார் கொடுத்த நாணயம் ஒன்று குறையாமல் இருந்தது.

ஆனால் பூட்டு சார் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். "போச்சு. கொட்டகை நிறைய ஆள். அத்தனை பேர் காதிலும் பன்னிரண்டு சொல்லும் விழுந்தாச்சு. இனி இது நம்ம பணம் இல்ல. எவன் முதல்ல வீட்டுக்குப் போறானோ அவன் பணம்."

"அப்படின்னா சார்" என்றாள் கண்ணாடி அக்கா, "அவங்க எடுக்கறதுக்கு முன்னாடி நாம எடுத்துச் செலவு பண்ணிட்டா?"

பேரவையின் வரலாற்றில் அப்படி ஒரு யோசனையை அதுவரை யாரும் முன்வைத்ததில்லை. பூட்டு சார் நிமிர்ந்தார். புருவத்தை நெரித்தார். விரல்விட்டு ஏதோ சரிபார்த்தார். அவர் முகத்தில் மெல்ல ஒளி பரவியது.

"சரிதான்! செலவாகிப்போன பணத்தை எந்தக் கொம்பனாலும் திருட முடியாது. பாதுகாப்பின் உச்சம் அதுதான்!"

உடனே தீர்மானம். பேரவை வங்கிக் கணக்குக்குப் பணமாக மாற்றி, அங்கிருந்து கான்ட்ராக்டருக்கு முன்பணம். தொப்பி சார் சொல்லச் சொல்லச் செயலாளர் பொத்தானை அமுக்கினார். பணம் நகரும்வரை ஓர் ஆளும் வெளியேறக் கூடாது என்று பூட்டு சார் கதவை மறித்து நின்றார். மாமியார் ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றார்.

"சீக்கிரம் அமுக்கப்பா!"

"நெட்வொர்க்ல உறுதியாகணும்மா" என்றார் செயலாளர்.

"இங்க எப்பவோ உறுதியாயிடுச்சு!"

கான்ட்ராக்டருக்குப் போன் போட்டதும் முதல் கேள்வியே, "என்ன கட்டடம்னு இன்னிக்காவது சொல்வீங்களா?" என்பதுதான். கொட்டகை மொத்தமும் ஒரே குரலில் அவருக்குப் பதில் சொன்னது. நீச்சல் குளம் கழிந்துபோனதில் தொகை கால்வாசியாக இறங்கியது. கடைசி உறுதிப்பாடும் வந்தது. பூட்டு சார் முதல் பூட்டைத் திறந்தார், இரண்டாவதைத் திறந்தார், மூன்றாவதன் சாவியைத் தேட ஆரம்பித்தார். கண்ணாடி அக்கா அவர் பையைப் பிடுங்கித் தரையில் கொட்டிச் சாவியை எடுத்தாள். கதவு திறந்த வேகத்தில் மாமியார் சிக்னலை நோக்கிப் பறந்தார். அன்றைக்கு அங்கே பச்சை விழுந்திருந்தது.

கழிப்பறை மழைக்காலத்துக்கு முன்பே எழுந்துவிட்டது. வெள்ளை ஓடு பதித்த நாலு அறை, கைப்பிடியோடு ஒன்று, கிழக்கு வாசலுக்குப் பக்கத்திலேயே. திறப்பு விழாவுக்கு ரிப்பன் கட்டி, ஒலிபெருக்கி வைத்து, பந்தல் போட்டார்கள். பலகையில் பன்னிரண்டாவதாகக் கண்ணாடி அக்காவின் படமும் ஏறியிருந்தது. அவள் சம்மதம் கேட்டு யாரும் வரவில்லை. மாமியார் நடக்க ஆரம்பித்து, சர்க்கரை இறங்கி, டாக்டர் பாராட்டும் கிடைத்திருந்தது. ஆனால் நீர் மாத்திரை மட்டும் நிற்கவில்லை.

தலைவர் பேசினார். "எத்தனையோ சோதனைகளுக்கு இடையே, ஒரு சொல்லும் கசியாமல், இந்த நிதியைக் கண்ணை இமை காப்பது போலக் காத்து, இந்தக் கட்டடத்தை…" பழக்கதோஷம், அவருக்கு இன்னும் 'கட்டடம்' என்றுதான் வந்தது. அடுத்துப் பேசப் பூட்டு சார் ஒரு வரைபடத்தைச் சுருட்டி வைத்துக்கொண்டு காத்திருந்தார். இந்தக் கட்டடத்தின் சாவியை யாரிடம், எத்தனை துண்டுகளாகப் பிரித்துக் கொடுப்பது என்பது பற்றி அவரிடம் ஒரு திட்டம் இருந்தது.

தலைவர் பேரவையின் தொடக்க காலத்துக்குப் போனபோது கண்ணாடி அக்கா பக்கத்து நாற்காலியைப் பார்த்தாள். காலியாக இருந்தது. ரிப்பன் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. பந்தலின் ஓரத்து வரிசைகளிலிருந்து பெண்கள் ஒவ்வொருவராகச் சத்தமில்லாமல் எழுந்தார்கள்.

பேச்சு முடிந்து, தட்டில் வைத்த கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு, படக்காரர் பின்தொடரத் தலைவர் ரிப்பனை நெருங்கினார். அதற்கு அந்தப் பக்கம் கதவுகள் எல்லாம் சாத்தியிருந்தன. அவர் குழம்பிப்போய்க் குனிந்து, முதல் கதவை விரலால் தட்டினார்.

"யாரு உள்ள?"

"ஆள் இருக்கு!" என்றார் மாமியார்.

தலைவர் கத்தரிக்கோலோடு ஒதுங்கி நின்றார். அவருக்கு முன்னால் ஏற்கெனவே ஏழெட்டுப் பேர் வரிசையில் நின்றிருந்தார்கள்.